பேக்கப் சர்வருக்கு வீட்டுக் கணினி தெரியவில்லையா? மலைவீட்டில் எதை முதலில் பார்ப்பது

பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தூசி தட்டி பேக்கப் சர்வராக (மற்ற கணினிகளின் ஃபைல்களை நகலெடுத்து வைக்கும் கணினியாக) மாற்றிவிட்டீர்கள். வீட்டிலுள்ள லேப்டாப்களில் கிளையண்ட்டும் (சர்வரோடு பேசும் துணை மென்பொருள்) போட்டாயிற்று. சர்வர் பக்கத்தைத் திறந்தால் பட்டியல் காலி. இல்லையென்றால் நேற்று வரை ஒழுங்காக இருந்த பெயர் இன்று ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரியில். மலையில் பல வீடுகளைப் போல இரண்டு தட்டு: சாலையோரம் மேல் வீடு, படி இறங்கினால் கீழ் வீடு. நடுவே தடித்த கல்சுவர், மேலே தகரக் கூரை. ஃபைபர் வந்து நிற்பது மேல் வீட்டில், வேலை நடப்பது கீழ் வீட்டில். இந்தச் சிக்கலுக்குத் தேடினால் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை ஒரே ரவுட்டர் உள்ள ஃபிளாட்டை மனதில் வைத்து எழுதியவை. நமக்குப் பாதிதான் பொருந்தும். குன்னூர், கேத்தி, மஞ்சூர், கூடலூர் எங்கே இருந்தாலும் உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால் 2-ஆம் படியை இரண்டு முறை படியுங்கள்.

நான் பயன்படுத்துவது யுஆர்பேக்கப் என்ற இலவச மென்பொருள். அதை வைத்தே சொல்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு எண்களும் மெனுவும் மாறும், தேடும் வரிசை மாறாது.

தொடங்கும் முன் ஒன்று. பட்டியல் காலியாக இருக்கிறது என்பதற்காக மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அதில் இருக்காது. சர்வரை அழித்து நிறுவினால் புதிதாக இன்னொரு சிக்கல் வேறு வந்து சேரும். அது என்னவென்று 7-ஆம் படியில் சொல்கிறேன்.

1. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுங்கள். உள்ளே நுழையும் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கும். சுவரில் மாட்டிய பெட்டியை டார்ச் அடித்துப் படிப்பதைவிட ஃபோட்டோ மேல். இரண்டு பெட்டி இருந்தால் இரண்டையும் எடுங்கள்.

இணைய இணைப்பு கொடுத்தவரின் வாடிக்கையாளர் எண், அவர்களிடம் பதிவு செய்த மொபைல் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அது ஊரில் இருக்கும் அப்பாவின் எண்ணாக இருந்தால் முதலிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள். பிபிபிஓஇ (இணைப்புக்குள் நுழைய ரவுட்டர் பயன்படுத்தும் முறை) பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உங்களிடம் இல்லையென்றால் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

இது ஏன் என்றால், ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் ஓட்டை இருக்கும். அதைக் குத்தலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். குத்தாதீர்கள். உள்ளே உள்ள அமைப்புகள் அழிந்துவிட்டால், இணைப்புக் கொடுத்தவர் வந்து மறுபடி போட்டுக் கொடுக்கும் வரை வீட்டில் நெட் இருக்காது. மழைக்காலத்தில் அவர்கள் மரம் விழுந்து அறுந்த ஃபைபரின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் முறை எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

ஒவ்வொரு கணினியிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வேண்டும். விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியையும் இப்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். 48 இலக்கம். பல லேப்டாப்களில் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியைக் கண்டுபிடிப்பதற்கு இந்தச் சாவி தேவையில்லை. ஆனால் ஒருநாள் முழு டிஸ்க்கைத் திருப்பி எடுக்கும்போது கேட்கலாம், அப்போது தேடினால் கிடைக்காது.

கடைசியாக ஒரு வெள்ளைத் தாள். எந்தப் பெட்டியிலிருந்து எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று கோடு போடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த படிக்கு இந்தத் தாள்தான் முக்கியம்.

2. இரண்டு கணினியும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா?

சர்வர் எப்படித் தேடுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அது நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி ‘யார் இருக்கிறீர்கள்?’ என்று ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. பிராட்காஸ்ட் என்பார்கள். கிளையண்ட் உள்ள கணினிகள் பதில் கொடுக்கும். தெருவில் நின்று கூப்பிடுவது மாதிரி. தெருவுக்குள் இருப்பவருக்குக் கேட்கும், அடுத்த தெருவுக்குப் போகாது. ரவுட்டர் அந்தச் செய்தியைத் தாண்ட விடுவதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? சர்வரில் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை தட்டும் கருப்புத் திரை) திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஐபிவி4 முகவரி என்ற வரியில் நான்கு எண்கள் வரும். டீஃபால்ட் கேட்வே என்ற வரியையும் (அது ரவுட்டரின் முகவரி) எழுதிக்கொள்ளுங்கள். லேப்டாப்பிலும் இதையே செய்யுங்கள். இரண்டையும் அந்தத் தாளில் அந்தந்தக் கணினிக்குப் பக்கத்தில் குறியுங்கள்.

அதே திரையில் வரும் சப்நெட் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது) 255.255.255.0 என்றிருந்தால் (வீடுகளில் பெரும்பாலும் அதுதான்) முதல் மூன்று எண்களும் இரண்டு கணினியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வர் 192.168.1.20, லேப்டாப் 192.168.1.35 என்றால் நல்லது, 3-ஆம் படிக்குப் போங்கள். சர்வர் 192.168.1.20, லேப்டாப் 192.168.0.105 என்றால் கோளாறு அகப்பட்டுவிட்டது. 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு யாரும் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

மலைவீடுகளில் இது நடப்பதற்குக் காரணம் எளிது. இணைப்புக் கொடுத்தவரின் பெட்டி மேல் வீட்டில் இருக்கிறது, கீழே சிக்னல் வரவில்லை. கடையில் புது ரவுட்டர் ஒன்று வாங்கி, மேலிருந்து கேபிள் இழுத்து அதன் ‘வேன்’ துளையில் (வெளி இணைப்புக்கானது) செருகிவிடுகிறோம். கீழே வைஃபை அருமையாக வருகிறது, யூடியூப் ஓடுகிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் இரண்டு நெட்வொர்க். நெட் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பேக்கப்புக்கு மட்டும் தெரியும்.

இதில் ஆளைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. கீழ் வீட்டு லேப்டாப்பிலிருந்து மேல் வீட்டு சர்வரின் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் திறக்கும். உடனே ‘நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுவோம். கீழிருந்து மேலே போகும் பாதை திறந்திருக்கிறது, மேலிருந்து கீழே வரும் பாதை கீழ் ரவுட்டரில் அடைபட்டிருக்கிறது. சர்வர் கூப்பிடுவது இந்த இரண்டாவது பாதையில்.

தீர்வு: கீழ் ரவுட்டரை ரவுட்டர் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக மாற்றுவது. அதன் அமைப்புப் பக்கத்தில் ‘ஆபரேஷன் மோடு’ போன்ற ஒரு மெனு இருந்தால் அதில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அவ்வளவுதான்.

பழைய ரவுட்டரில் அந்த மெனு இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம். முதலில் ஒரு லேப்டாப்பைக் கேபிளில் கீழ் ரவுட்டரோடு இணைத்து, ரவுட்டரின் சொந்த முகவரியை மேல் பெட்டியின் வரிசைக்கு மாற்றுங்கள். மேல் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம், வேறு எதற்கும் அந்த எண் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, அந்தப் புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஹெச்சிபி-யை (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்துங்கள். அப்புறம்தான் மேலிருந்து வரும் கேபிளை ‘வேன்’ துளையிலிருந்து எடுத்து ‘லேன்’ துளை (வீட்டுக் கணினிகளுக்கானது) ஒன்றில் செருக வேண்டும். கேபிளை முதலில் மாற்றிவிட்டால் இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்கப் போட்டி போடும், வீடு முழுக்க நெட் தள்ளாடும்.

இப்படி மாற்றியபின் கீழ் ரவுட்டரில் நீங்கள் போட்டு வைத்திருந்த குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்றவை வேலை செய்யாமல் போகலாம். அவற்றை மேல் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு, மேல் பெட்டி வீட்டுக்காரருடையது, எதையும் தொட முடியாது என்கிறீர்களா? யுஆர்பேக்கப்பில் ‘இன்டர்நெட் கிளையண்ட்’ என்ற முறை இருக்கிறது. அதில் சர்வர் தேடி வராது, கிளையண்ட்டே சர்வரை 55415 என்ற போர்ட்டில் (மென்பொருளுக்கான வாசல் எண்) கூப்பிடும். சர்வர் மேலேயும் லேப்டாப் கீழேயும் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். சர்வர் கீழ் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால், அந்தப் போர்ட்டைக் கீழ் ரவுட்டரில் சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும். பெயரில் இன்டர்நெட் என்று இருப்பதைப் பார்த்து மேல் பெட்டியிலும் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே முடிகிற வேலை இது.

3. முகவரியின் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தும் பேச்சு இல்லை என்றால்

பலரும் ‘பிங்’ (ஒரு கணினி பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளை) செய்து பார்ப்பார்கள். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் கணினி அங்கே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) பல சமயம் பிங்குக்குப் பதில் கொடுக்காமல் இருக்கும். பிங் செய்த கையோடு ‘ஏஆர்பி’ கட்டளையை, ஒரு இடம் விட்டுச் சிறு கோடும் ஏ எழுத்தும் சேர்த்து, ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் அந்த லேப்டாப்பின் முகவரிக்கு எதிரே ஆறு ஜோடி எழுத்து-எண் இருந்தால் கணினி அங்கே இருக்கிறது, கேபிளும் வைஃபையும் சரி. ஃபயர்வால்தான் வாயை மூடுகிறது, அடுத்த படிக்குப் போங்கள். அந்த வரியே இல்லையென்றால் நடுவில் எதுவோ பிரிக்கிறது.

பிரிப்பது பெரும்பாலும் கெஸ்ட் வைஃபை. நீலகிரியில் ஒரு அறையாவது ஹோம்ஸ்டேவுக்கு விடாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. விருந்தினருக்காக கெஸ்ட் நெட்வொர்க் போட்டிருப்பீர்கள், அது நல்ல பழக்கம். ஆனால் அதன் பாஸ்வேர்டு சின்னதாக, சொல்ல வசதியாக இருப்பதால் வீட்டுப் பிள்ளைகளின் லேப்டாப்பும் மெல்ல அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலையே கணினிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் செய்வதுதான். வீட்டுக் கணினிகளில் அந்தப் பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்து அகற்றுங்கள்.

இதே வேலையைச் செய்யும் ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற அமைப்பு வீட்டுக்கான வைஃபையிலும் சில பெட்டிகளில் போட்டிருக்கும். அதை நிறுத்துங்கள். 2.4 என்றும் 5 என்றும் இரண்டு வைஃபை பெயர் தெரிந்தால் கலங்க வேண்டாம், ஒரே பெட்டியிலிருந்து வருவதாக இருந்தால் வழக்கமாக இரண்டும் ஒரே நெட்வொர்க்தான். கல்சுவரைத் தாண்டுவதில் 2.4 மேல், பக்கத்திலேயே இருந்தால் 5 வேகம்.

4. பப்ளிக்கா, பிரைவேட்டா?

‘நேற்று வரை வேலை செய்தது’ என்பவர்கள் இங்கே தொடங்கலாம். பெட்டி பழுதாகிப் புதுப் பெட்டி மாட்டினாலோ, வைஃபை பெயரை மாற்றினாலோ விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகப் பார்க்கும். புது நெட்வொர்க் என்றால் அது பேருந்து நிலைய வைஃபை மாதிரி பொது இடம் என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும்.

செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை (கேபிள் என்றால் ஈதர்நெட்), அதில் இப்போது இணைந்திருக்கும் பெயரின் பிராப்பர்ட்டீஸ். அங்கே ‘பிரைவேட் நெட்வொர்க்’ என்று மாற்றுங்கள். சர்வர், கிளையண்ட் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒரே லேப்டாப்பில் கேபிளும் வைஃபையும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

விடுதி, கல்லூரி, காஃபிக் கடை வைஃபைக்கு இதைச் செய்யாதீர்கள். அங்கே பப்ளிக்தான் சரி.

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு: 2024-இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவிலிருந்து ஒரு செயலி வீட்டு நெட்வொர்க்கைத் தேட உங்கள் அனுமதி வேண்டும். பிரைவசி அமைப்புகளில் ‘லோக்கல் நெட்வொர்க்’ பகுதியில் பேக்கப் மென்பொருளுக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள். முதல்முறை கேட்டபோது யோசிக்காமல் மறுத்திருந்தால் அது மறுபடி கேட்காது.

5. ஃபயர்வாலும் ஆன்டிவைரஸும்

ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. சோதிக்க என்று அணைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக ‘அலோ ஆன் ஆப் த்ரூ ஃபயர்வால்’ பட்டியலுக்குப் போய் பேக்கப் மென்பொருளின் பெயருக்கு எதிரே பிரைவேட் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள்.

போர்ட் எண்களாகத் திறக்க வேண்டுமென்றால் யுஆர்பேக்கப்புக்கு இவை (டிசிபி, யுடிபி என்பவை செய்தி அனுப்பும் இரண்டு வகைகள்). கிளையண்ட் உள்ள கணினியில் 35621 டிசிபி (ஃபைல்களை அனுப்ப), 35622 யுடிபி (தேடலுக்குப் பதில் சொல்ல), 35623 டிசிபி (கட்டளைகளுக்கும் முழு டிஸ்க் பேக்கப்புக்கும்). சர்வரில் 35623 யுடிபி, கூடவே பிரவுசரில் பார்க்கும் பக்கத்துக்கு 55414 டிசிபி. யுடிபி இருக்க வேண்டிய இடத்தில் டிசிபி போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. எண்ணோடு வகையையும் பாருங்கள்.

தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால், அதற்கென்று சொந்த ஃபயர்வால் இருக்கலாம். அப்போது விண்டோஸில் நீங்கள் செய்த மாற்றம் எதுவும் கணக்கில் வராது. அந்த ஆன்டிவைரஸுக்குள்ளேயே போய் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறியுங்கள்.

விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் அலுவலக லேப்டாப் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் ஃபயர்வாலை நிர்வகிப்பது அலுவலகம், அதிலுள்ள தரவும் அவர்களுடையது. அலுவலக ஐடி ஆட்களைக் கேட்காமல் அதில் கிளையண்ட் போடுவது வம்பு.

பகிர்ந்த ஃபோல்டருக்கு பேக்கப் எடுக்கும் மென்பொருளாக இருந்தால் ஒரு வார்த்தை. எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’ என்பதைச் சொடுக்கி அங்கே கணினி தெரியவில்லை என்று அலைய வேண்டாம். அந்தப் பட்டியலைத் தந்துகொண்டிருந்த பழைய எஸ்எம்பி 1 என்ற ஃபோல்டர் பகிரும் முறை 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709-இலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் வருவதில்லை. பாதுகாப்புக் காரணத்துக்காக எடுத்தது, அதைத் திரும்பப் போடச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். முகவரிப் பட்டையில் இரண்டு சாய்கோடு போட்டு ஐபி முகவரியைத் தட்டுங்கள். ஃபோல்டர் திறந்தால் பேக்கப் மென்பொருளிலும் அதையே கொடுத்துவிடலாம்.

6. கூப்பிட்டுத் தேடுவதை விட்டு நேராக முகவரி கொடுப்பது

இவ்வளவும் சரியாக இருந்து, இன்னும் பிராட்காஸ்ட் மட்டும் போய்ச் சேரவில்லை என்றால் (சில வைஃபை எக்ஸ்டெண்டர்கள் இதை விழுங்கிவிடும்), சர்வர் பக்கத்தில் புதிய கிளையண்ட்டைச் சேர்க்கும் இடத்தில் கணினியின் பெயரையோ ஐபி முகவரியையோ குறிப்பாகக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். உடனே வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொடுக்குவதால் பயன் இல்லை.

இந்த முகவரி நாளைக்கும் அதுவாகவே இருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுக்கக்கூடும். மேல் பெட்டியின் டிஹெச்சிபி பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று தேடி, சர்வருக்கும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு எண்ணை ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸின் வைஃபை அமைப்பில் ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ என்று ஒன்று உண்டு. அது ஆன் என்றிருந்தால் ரவுட்டருக்கு லேப்டாப் அடையாளம் தெரியாமல் போகலாம். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள்.

7. கண்டுபிடித்தும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால்

கிளையண்ட் முதன்முதலில் எந்த சர்வரைப் பார்த்ததோ அதன் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். வேறு சர்வர் வந்து கேட்டால் கொடுக்காது. யாரோ ஒருவர் அதே வைஃபையில் ஒரு போலி சர்வரைப் போட்டு உங்கள் ஃபைல்களை வாங்கிக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. நீங்கள் சர்வரை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால், கிளையண்ட் பார்வையில் நீங்களும் அந்நியர்தான். தொடக்கத்தில் எச்சரித்தது இதற்காகத்தான்.

ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால், கிளையண்ட் ஃபோல்டருக்குள் சர்வர் அடையாளங்களை வைத்திருக்கும் சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் பழைய அடையாளத்தை நீக்கிவிட்டு கிளையண்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எல்லா லேப்டாப்பிலும் செய்ய வேண்டும். சர்வரை வேறு கணினிக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் பழைய சர்வரின் தரவு ஃபோல்டரையும் அடையாள ஃபைல்களையும் முன்பே நகல் எடுத்து வையுங்கள்.

இன்னொரு வகை: இரண்டு லேப்டாப், பட்டியலில் ஒரு பெயர்தான். ஒரே டிஸ்க்கை நகலெடுத்து விற்கும் பழைய கணினிகளில் இரண்டுக்கும் கணினிப் பெயர் ஒன்றாக இருக்கும். சர்வர் ஆளை அறிவதே பெயரை வைத்துத்தான். ஒன்றின் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

8. கரண்ட், மழை, தூக்கம்

லேப்டாப் தூங்கினால் எந்த சர்வராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பவர் அமைப்பில் சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் ‘நெவர்’ என்று வைத்து, மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்திலும் பாருங்கள். இரவில் பேக்கப் ஓடும்படி நேரம் வைத்துவிட்டு, படுக்கும்போது மூடியைச் சாத்துகிற வீடுகள்தான் அதிகம்.

சர்வராக இருக்கும் டெஸ்க்டாப்பின் பயாஸில் (கணினி எழும்பும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்), மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்பும் அமைப்பு இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த நாளிலிருந்து சர்வர் அணைந்தே கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

புதியவர்கள் பலருக்குத் தெரியாதது: ஃபைபர் அறுந்து நெட் இல்லாத நாளிலும் வீட்டுக்குள் பேக்கப் நடக்கும். ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். அதனால் மினி யுபிஎஸ் நல்ல முதலீடு. வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டுப் போங்கள். இரண்டு பெட்டி என்றால் இரண்டுக்கும் வேண்டும்.

மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் கேபிள் புதிதாக இழுப்பதாக இருந்தால் காலம் பார்த்துச் செய்யுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி பிறக்கும் முன், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி அடைமழைக்கு முன். கேபிளை அந்தரத்தில் கட்டினால் குரங்கு தொங்கும், தேயிலைக்கு நடுவே தரையில் போட்டால் கவாத்து வெட்டும் கத்தியோ காட்டெருமையின் கால்களோ பார்த்துக்கொள்ளும். குழாய்க்குள் போட்டுப் புதைப்பதே நிற்கும். இடி மின்னல் அதிகமுள்ள மேட்டில் வீடு என்றால் வெளியே செம்புக் கேபிள் வேண்டாம். சிறு ஃபைபர் துண்டும் இரு முனையில் மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) போடுங்கள். மின்னல் பாய்ந்தால் இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் போகாமல் இருக்கும்.

9. செலவும் நேரமும்

மென்பொருளுக்குக் காசு இல்லை. இந்தக் கட்டுரையில் சொன்னதில் பாதிக்கு மேல் அமைப்பு மாற்றங்கள், அவற்றுக்கும் இல்லை. வாங்க வேண்டி வந்தால் நான் விசாரித்த விலைகள் ஏறக்குறைய இப்படி: கேட்-6 கேபிள் மீட்டருக்கு ரூ.20 முதல் 40, ஐந்து துளை கிகாபிட் ஸ்விட்ச் ரூ.1,000 முதல் 1,500, மினி யுபிஎஸ் ரூ.1,000 முதல் 2,000. மிகவும் மலிவான கேபிளில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியிருப்பார்கள், ‘முழுச் செம்பு’ என்று கேட்டு வாங்குங்கள். ஒரே நீளத்தில் 100 மீட்டருக்கு மேல் ஈதர்நெட் கேபிள் போகக்கூடாது. படிக்கட்டோடு அளந்தால் வீட்டுக்கு வீடு தூரம் நினைத்ததைவிடக் கூடவே வரும்.

முதல் பேக்கப்பின் நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள், இல்லையென்றால் ‘தொங்கிவிட்டது’ என்று பாதியில் நிறுத்திவிடுவீர்கள். 500 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். கல்சுவர் தாண்டி வரும் வைஃபையில் 30 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30 மெகாபிட்) கிடைத்தால் 37 மணி நேரம். 100 எம்பிபிஎஸ் துளையுள்ள ரவுட்டரில் கேபிள் போட்டால் 11 மணி நேரம். கிகாபிட் என்றால், டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் எழுதினாலும், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இதைவிடக் கூடும். ஆகவே முதல்முறை மட்டுமாவது லேப்டாப்பை மேல் வீட்டுக்குத் தூக்கிப் போய் கேபிளில் மாட்டுங்கள். அடுத்தடுத்த முறை மாறியவை மட்டும் போவதால் வைஃபையே போதும். கிகாபிட் ஸ்விட்ச் வாங்கியும் 100-தான் காட்டுகிறது என்றால் முனை கட்டியவர் எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் கட்டியிருப்பார்.

10. ஆளைக் கூப்பிடுவதானால்

‘பேக்கப் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால் வருகிறவர் முதலில் மென்பொருளைத்தான் அழிப்பார். ‘இரண்டு கணினியும் வேறு வேறு சப்நெட்டில் இருக்கின்றன, கீழ் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்க வேண்டும்’ என்றோ, ‘ஏஆர்பியில் தெரிகிறது, ஃபயர்வால் தடுக்கிறது’ என்றோ சொல்லுங்கள். 1-ஆம் படியில் வரைந்த தாளை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். இணைப்புக் கொடுத்தவரின் ஆட்கள் அவர்கள் பெட்டி வரைதான் பார்ப்பார்கள், உங்கள் சொந்த ரவுட்டரைத் தொடச் சொல்லி வாக்குவாதம் செய்து பயனில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ ஆள் காரில் வருவதாக இருந்தால், வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் முறையை நினைவூட்டுங்கள். சீசன் மே மாதத்தில் யாரையும் வரச் சொல்லாதீர்கள், பாதி நாள் சாலையில் போய்விடும். கட்டணத்தைப் பேசும்போது பயணச் செலவு சேர்த்தா, தனியா என்று கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்தது என்று அவர் சொன்னதும் இரண்டு ரவுட்டரையும் சர்வரையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். எல்லாப் பெயரும் பட்டியலில் தானாகத் திரும்பி வந்து, ஒரு ஃபைலையாவது பேக்கப்பிலிருந்து மீட்டுத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.